ஒருதரம் விழுந்தாலும் வித்துப்போடுவன்

எனக்குச் சைக்கிள் ஓட அனுமதி கிடைத்த அன்றே, அதைப் பறிப்பதற்கான நிபந்தனையும் கூடவே வந்துவிட்டது. "ஒருதரம் விழுந்தாலும் வித்துப்போடுவன். பிறகு அழப்படாது" என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான். யாரையாவது கடித்தால் கொடுத்துவிடுவேன் என்று எங்கள் வீட்டு நாயையும் இப்படித்தான் எச்சரித்திருந்தார். நாய்க்கு அது விளங்கியிருக்காது. தபால்காரரின் காற்சட்டையில் வாய் வைத்தது. அன்று மாலையே அதைத் தம்பலகாமத்தில் வயல் செய்யும் சிநேகிதர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நான் நாயைவிடக் கவனமாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு உப்புவெளியில், வேலை திருகோணமலை நகரத்துக்குள், உள்துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு அரசாங்கக் கந்தோரில். காலை எட்டரைக்கு அங்கே பெரிய கிளாக்கர் வரவுப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனாவால் ஒரு கோடு கிழிப்பார். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர்கள் நேரத்துக்கு வந்தவர்கள். கீழே வைத்தவர்கள் அன்று முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டுதான் இருப்பார்கள். நானோ தகுதிகாண் காலத்தில் இருந்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே என் பெயர் அடிக்கடி விழுந்தால் என்னை நிரந்தரமாக்க மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பஸ்ஸை நம்பினால் அதுதான் நடக்கும் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. நிலாவெளிப் பக்கமிருந்து வரும் பஸ் எங்கள் தரிப்பை அடையும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். எங்களைக் கண்டதும் சாரதி வேகத்தைக் கூட்டுவார். படியில் தொங்குகிறவர்கள் ஏதோ கப்பலில் போகிறவர்கள்போலக் கைகாட்டிவிட்டுப் போவார்கள். சைக்கிள் இல்லாவிட்டால் வேலை இல்லை என்று நான் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டுச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, யாரோ ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பெண்கள் சைக்கிள் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தார். பின்சில்லின் இரண்டு பக்கமும் சேலை சிக்காமலிருக்க நூல்வலை பின்னியிருந்தது. பழைய சைக்கிள்தான், ஆனால் பெல் சத்தம் மட்டும் ஊரையே கூட்டும்.

சட்டம் போட அப்பாவுக்குத் தகுதி இருந்தது. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை வைத்திருந்த காலத்தில் அங்கே வேலைக்குப் போனவர். பின்னேரம் சங்கு ஊதியதும் வாசலால் சைக்கிள்கள் வெள்ளமாக வெளியே வருமாம். அந்த நெரிசலில் ஓடிப் பழகியவன் உலகத்தில் எங்கேயும் ஓடுவான் என்பார். தளம் கைமாறிய பிறகு துறைமுகப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் பொறுப்பாக இருந்தார். இருபத்தெட்டு வருசமாகத் தான் ஒருதரமும் விழுந்ததில்லை என்பதை, வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு சேர்த்துப் பரிமாறுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு சைக்கிளையும் முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு, எண்ணெய்த் துணியால் கம்பி கம்பியாகத் துடைப்பார்.

எனக்கு அவர் சொல்லித்தந்த வீதி ஒழுங்கு மூன்றே மூன்று. "லொறியைக் கண்டால் ஒதுங்கு. கோயிலைக் கண்டால் கையெடு. பெரியாக்களைக் கண்டால் இறங்கு." முதலாவது உயிரைக் காக்க, மற்ற இரண்டும் மானத்தைக் காக்க. மூன்றாவதுதான் என்னைச் சாகடித்தது.

இந்த இறங்கும் வழக்கத்தைப் பற்றி இன்றைக்கு இருப்பவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பக்கத்தில் மரியாதை உள்ளவர் எதிரே வந்தால் சைக்கிளில் இருந்தபடி போவது, சபையில் காலை நீட்டிக்கொண்டு இருப்பதற்குச் சமன். இறங்கி, இரண்டடி உருட்டி, அவர் கடந்த பிறகு ஏறவேண்டும். ஆண்களுக்கு அது ஒரு வேலையில்லை. ஓடுகிற சைக்கிளிலேயே காலைத் தூக்கிப் போட்டு இறங்கி, நடந்து, திரும்பவும் ஏறிவிடுவார்கள். சேலை கட்டினவள் பிறேக் பிடித்து, நின்று, கொய்யகத்தைத் தூக்கி, கால் ஊன்றி, இறங்கி, திரும்பவும் அத்தனையையும் செய்யவேண்டும். உப்புவெளியிலிருந்து கந்தோருக்கு ஓட எனக்கு அரைமணித்தியாலம் போதும். இறங்கி ஏற இன்னொரு இருபது நிமிசம் வேண்டியிருந்தது.

ஏனென்றால் ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், அந்தப் பாதையில் பெரியவர்கள் பெருகிவிட்டார்கள். முன்பு எட்டு மணிக்கு எழும்பிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஏழரைக்கே பத்திரிகையோடு வாசல் படலையில் நின்றார். அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன், எனக்கு மாமா முறை, பல் தீட்டிக்கொண்டே றோட்டுக்கு வந்துவிடுவார். ஒவ்வொருவரும் என்னை இறக்கி வைத்துச் சொல்வது ஒன்றுதான்: "பார்த்து ஓடு பிள்ளை. லொறிகள் வாற றோட்டு." லொறி எதுவும் என்னை மறித்ததில்லை. மறித்ததெல்லாம் இவர்கள்தான். ஆறு மணிக்கே புறப்பட்டும் பார்த்தேன். அடுத்த கிழமை அவர்களும் ஆறு மணிக்கு எழும்பினார்கள்.

கைச் சமிக்ஞை காட்டுவதும் பெரும் சங்கடம். வலப்பக்கம் திரும்புமுன் வலக்கையை நீட்டவேண்டும் என்பது சட்டம். நான் நீட்டினால், எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்த யாராவது ஒருத்தர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று எழும்பி வருவார். ஒருநாள் ஒரு மீன் வியாபாரி கூடையோடு ஓடிவந்து, "எந்த மீன் வேணும் தங்கச்சி?" என்று கேட்டார். சும்மா அனுப்ப மனமில்லாமல் அரை றாத்தல் சூடை வாங்கினேன். அன்று கந்தோர் முழுக்கச் சூடை மணந்தது.

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் அநுராதபுரச் சந்தியைத் தாண்டியதும் நடக்கும். பெரிய கிளாக்கரும் சைக்கிளில்தான் வருவார். முதுகை நிமிர்த்தி, குடையைக் கரியரில் கட்டி, ஊர்வலம் போவதுபோல ஓடுவார். பின்னால் பெல் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார். மேலதிகாரியை முந்திக்கொண்டு போக முடியுமா? நான் இறங்குவேன். அவர் திருப்தியோடு தலையசைத்துவிட்டு ஓடுவார். நான் ஏறி, அவருக்குப் பின்னால் மெதுவாக ஓடி, கந்தோருக்குள் போகும்போது அதே மனுசன் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து முடித்திருப்பார். அவருக்கு மரியாதை காட்டப்போன நேரத்துக்காக அவரிடமே சிவப்புக் கோடு வாங்கினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அடுத்த நாளும் இறங்கினேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஓடும்போது நான் ஒருநாளும் விழவில்லை. விழுந்ததெல்லாம் இறங்கும்போதுதான். முதல்தரம் தலைமையாசிரியருக்காக இறங்கி, சேலைக்கரை பெடலில் சிக்கி, அவருடைய வேலியோடு சாய்ந்தேன். எழும்பியதும் முழங்காலைப் பார்க்கவில்லை. சுற்றிவரப் பார்த்து, "ஆரும் கண்டவையோ?" என்றுதான் கேட்டேன். அவர் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "நான் ஒண்டும் காணயில்லை பிள்ளை" என்றார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

பயந்தது சிராய்ப்புக்கல்ல. எங்கள் ஊரில் ஆண் விழுந்தால் றோட்டுப் பிழை; பெண் விழுந்தால் பெண் பிழை. நான் விழுந்த கதை வீட்டுக்குப் போனால் சைக்கிள் போகும், சைக்கிள் போனால் வேலை போகும். அதனால் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த கிண்ணியாக்காரரிடம் போனேன். அண்ணன் என்ற முறையில் காக்கா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். வளைந்த பெடலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "நோவு கண்டதா மகள்?" என்று மட்டும் கேட்டார். நான் அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்றேன். "சைக்கிள் என்னோட கதைக்கும். நான் ஒருத்தரோடயும் கதைக்கிறல்ல" என்றார். அவர் திருத்தித் தந்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

ஆனால் அவர் ஜும்மாத் தொழுகைக்காக வியாழக்கிழமை பின்னேரமே துறை தாண்டி ஊருக்குப் போய்விடுவார், சனிக்கிழமைதான் திரும்புவார். எனக்கோ வெள்ளிக்கிழமை விழும் ராசி. ஒரு வருசத்தில் ஏழுதரம் விழுந்தேன். மூன்றை அவர் திருத்தினார். மற்ற நாலையும் நானே கடற்கரை ஒழுங்கையில் ஒளிந்திருந்து கல்லால் தட்டி நிமிர்த்தினேன். என்னுடைய வேலையும் ஒன்றும் மோசமில்லை என்றே நினைத்திருந்தேன். கண்டல் காயத்துக்கு வீட்டில் ஒரே விளக்கம் வைத்திருந்தேன்: கந்தோரில் உட்காருகிற கதிரை தட்டினது. நாலாவது தரம் அம்மா, "உங்கட கந்தோரில என்ன, கதிரையள் நடந்து திரியுதோ?" என்று கேட்டா. அப்பா தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வழக்கமாக அப்பா எனக்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார். ஒருநாள் அவருக்குப் பிந்திப் போகும் வேலைமுறை. "இண்டைக்கு உன்னோட வாறன். எப்பிடி ஓடுறாய் எண்டு பாப்பம்" என்றார். இன்னும் மூன்று கிழமையில் என் தகுதிகாண் காலம் முடிகிறது. இன்றைக்கு அவர் கண்முன்னால் விழுந்தால் எல்லாம் முடிந்தது. சேலைக்கரையை இரண்டு ஊசி குத்திக் கட்டினேன்.

அவர் முன்னால், நான் பின்னால். நிமிர்ந்த முதுகு, ஒரே வேகம். வளைவு வருமுன் கை தானாக நீண்டது. உண்மையைச் சொன்னால் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. "என்னைப் பாத்து ஓடு!" என்று திரும்பாமலே குரல் கொடுத்தார். வெள்ளைக்காரச் சவக்காலையைக் கடந்தோம். சற்றுத் தள்ளி றோட்டோரத்தில் பிள்ளையார் கோயில்.

நான் கோயிலுக்கு ஒரு கைதான் எடுப்பேன். அதுவும் ஹாண்டிலைவிட்டு ஒரு சாண் உயராது. அப்பாவின் வழக்கம் வேறு. இரண்டு கையையும் விட்டு, தலைக்கு மேலே கூப்பி, கண்ணையும் மூடிக்கொண்டு, சைக்கிளைப் பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். இருபத்தெட்டு வருசமாகப் பிள்ளையாரும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்று யாரோ நேர்த்தி வைத்து விடியற்காலையில் சிதறுதேங்காய் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். றோட்டெல்லாம் சிரட்டை. நான் "அப்பா!" என்று கத்தினேன். கூப்பிய கை கூப்பியபடி இருக்க, முன்சில்லு சிரட்டையில் ஏறிச் சறுக்கியது.

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் தேங்காய்த் துண்டுகளுக்கு நடுவில் இருந்தபடி இடக்கையைப் பிடித்துக்கொண்டு, வலமும் இடமும் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஆரும் கண்டவையோ?"

எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கண்டவர்கள் பத்துப்பேர் அதற்குள் கூடிவிட்டார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "இந்த றோட்டை எப்பதான் திருத்தப்போறாங்களோ!" றோட்டில் ஒரு பள்ளமும் இல்லை. தேங்காயை ஒருவரும் குறை சொல்லவில்லை. கையை விட்டவரையும் சொல்லவில்லை.

மணிக்கட்டு கண் முன்னால் வீங்கியது. அவருடைய முன்சில்லு அப்பளமாக நெளிந்து கிடந்தது. பஸ் ஒன்று வந்தது, எங்களைக் கண்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனது. "என்ர கரியரில ஏறுங்கோ" என்றேன். "பொம்பிளைப் பிள்ளைக்குப் பின்னால இருந்து நான் டவுணுக்குள்ள போறதோ? ஏலாது" என்றார். அவருடைய சால்வையால் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டேன். கட்டும்போது நோவில் முகம் வெளுத்தது. பிறகு தானாகவே ஏறி இருந்தார்.

அப்பா கனத்த ஆள். முதல் ஐம்பது யார் தூரத்துக்குச் சைக்கிள் பாம்பாக நெளிந்தது. தலைமையாசிரியரின் படலை வந்தது. பத்திரிகையை மடித்துக்கொண்டு அவர் றோட்டுக்கு இறங்கினார். என் கை தானாகப் பிறேக்குக்குப் போனது.

"இறங்காதை! இறங்கினியெண்டால் நான் விழுந்துபோவன். ஓடு!" என்றார் அப்பா. பிறகு பின்னாலிருந்து உரத்த குரலில், "குறை நினைக்கப்படாது சேர்! பிள்ளைக்கு நிக்க ஏலாது!"

மாமா பல் தீட்டிய கையோடு நின்றார். அவருக்கும் அதே மன்னிப்பு. சந்தியில் பொலிஸ்காரர் நின்றார். சைக்கிளில் இருவர் போவது குற்றம், பிடித்தால் சில்லின் காற்றைத் திறந்துவிடுவார்கள். அவர் அப்பாவின் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கையை உயர்த்தி எதிரே வந்த லொறியை நிறுத்தினார். ஒரு லொறி எனக்காக நின்றது அதுதான் முதல்தரம். கடை வாசலில் காக்கா ஸ்பானரோடு எழும்பி நின்றார், வாய் திறக்கவில்லை.

அடுத்து முன்னால் குடை தெரிந்தது. பெரிய கிளாக்கர். நான் பெல் அடித்தேன். அவர் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்து, நான் இறங்குவதற்காகக் காத்திருந்தார். நான் இன்னும் இரண்டு தரம் பெல் அடித்து, வலப்பக்கத்தால் முந்திக்கொண்டு போனேன். "அது ஆர்?" என்று அப்பா காதடியில் கேட்டார். "கோடு போடுறவர்" என்றேன். "நல்லா மிதி" என்றார்.

நகரத்துக்குள் அம்மன் கோயில் வந்ததும் பழக்கத்தில் என் வலக்கை ஹாண்டிலைவிட்டு எழும்பியது.

"கையை விடாதை பிள்ளை" என்றார் அப்பா. "ரெண்டுபேருக்கும் சேத்து நான் கும்பிடுறன்."

அன்று நான் கந்தோருக்குப் போகும்போது பதினொரு மணி. பெரிய கிளாக்கர் பதிவேட்டைத் தானே எடுத்து நீட்டினார். கோட்டுக்கு மேலே ஒரு வரி இடம் விட்டிருந்தார். "அப்பாவுக்கு எப்பிடி?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து நான் அவருக்கு இறங்கவில்லை, பெல் மட்டும் அடித்தேன். அவரும் ஒதுங்கி வழிவிட்டார். மற்றவர்களுக்கும் இறங்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு அப்பாவே வீடு வீடாகப் போய், அவளுக்கு நிற்க ஏலாது, அவள் வேலைக்குப் போகிறவள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வேலையும் நிரந்தரமாயிற்று. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது இதெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரியின் நீண்ட மரவாங்கில் அப்பாவோடு இருந்த அந்தப் பதினைந்து நிமிசம்தான்.

எலும்பு முறிவுக்கு முழங்கை வரைக்கும் மாக்கட்டுப் போட்டிருந்தார்கள். காய வேண்டும், இருங்கள் என்றார்கள். இருபத்தெட்டு வருசப் பெருமை ஒரு சிரட்டையில் போய்விட்டதே என்று எனக்கு அவரைப் பார்க்கவே கவலையாக இருந்தது. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டார்:

"நீ இதுவரைக்கும் எத்தனை தரம் விழுந்தனீ?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.

"ஏழு."

"ஏழோ?" திரும்பி என்னைப் பார்த்தார். "எனக்கு நாலுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை துடைக்கேக்க கல்லடித் தழும்பு தெரியுந்தானே. மற்ற மூண்டையும் ஆர் திருத்தினது?"

"சந்திக் காக்கா."

"வேலை தெரிஞ்ச கைகாரன். என்ர சில்லையும் அவரிட்டயே குடு."

"அப்ப ஏன் நீங்கள் சைக்கிளை விக்கயில்லை?" என்று கேட்டேன்.

"முதல்தரம் கண்டவுடன விக்கத்தான் நினைச்சனான். விடியப் பாத்தால் நீ திரும்பவும் ஏறி ஓடிக்கொண்டு போறாய். விழுந்தாப்பிறகும் ஓடுற பிள்ளையின்ர சைக்கிளை எப்பிடி விக்கிறது?"

நான் அழுதேன். ஆஸ்பத்திரி என்றபடியால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

"அம்மாட்ட என்ன சொல்லப்போறியள்?"

அப்பா மாக்கட்டைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கதிரை தட்டினது எண்டு சொல்லுவம்."